இருபத்தேழாம் பாத்தி

"போதும், போதும்! போன ஜென்மத்துல தண்ணியே பார்த்ததில்லையா நீ?" என்று பதினோராம் பாத்தியை அதட்டிக்கொண்டே குழாயை மூடுகிறார் மீட்டரம்மா. எண்ணெய்வித்து ஆராய்ச்சிப் பண்ணையில் சூரியகாந்திக்குத் தண்ணீர் அளந்துவிடுவது அவர் வேலை. மீட்டர் ஒரு லிட்டர் கூடக் காட்டினாலும் அன்றைக்குச் சோறு இறங்காது.

பாத்திகள் மொத்தம் இருபத்தேழு. விதைத்த பருவப் பட்டம் மூன்று, தண்ணீர் மூன்று அளவு, உரம் மூன்று அளவு. எதில் எண்ணெய் அதிகம் என்று விஞ்ஞானி பார்க்கிறார். அம்மாவுக்கோ அது ஒரு பெரிய குடும்பம். காலத்தில் விதைத்து, வேளைக்குத் தண்ணீரும் அளவான உரமும் வாங்கும் முதல் பாத்தி, "மூத்த மருமக. மினுக்காம என்ன பண்ணுவா?" உரம் அளவுக்கு மிஞ்சி விழும் ஒன்பதாம் பாத்தி, "வெறும் இலை. எங்க கொழுந்தனார் மாதிரி, ஆளு வாட்டசாட்டம், வேலைக்கு ஆகாது."

கடைசிப் பாத்தியைப் பார்த்தால்தான் அவருக்கு வயிறு எரியும். பட்டம் தப்பி விதைத்தது, தண்ணீர் இரண்டே தரம், உரம் அறவே கிடையாது.

"இது என்ன பாவம் பண்ணுச்சு சார்?" என்று போன வருஷம் விஞ்ஞானியிடம் மல்லுக்கட்டினார்.

"அது அப்படித்தாம்மா இருக்கணும். அதை வச்சுத்தான் மத்ததை அளக்கணும்."

கல்நெஞ்சுக்காரன் என்று மனதுக்குள் வைதவர், மறுநாளே சாப்பாட்டுப் பையில் ஆட்டுப் புழுக்கை கொண்டுவந்தார். தண்ணீர் குடத்தில் போயிற்று, மீட்டருக்குத் தெரியாமல்.

போன அறுவடையன்று இருபத்தேழாம் பாத்தியில் அளவுகோலுடன் விஞ்ஞானி வாய்பிளந்து நின்றார். ஒவ்வொரு பூவும் சாப்பாட்டுத் தட்டு அகலம்!

"உரமும் வேணாம், தண்ணியும் வேணாம், லேட்டா விதைச்சாலே போதும் போலிருக்கேம்மா! நாளைக்கே எல்லா விவசாயிங்களுக்கும் சொல்லிடலாம்!"

அம்மாவுக்குப் பகீரென்றது. அவருடைய தம்பி போடுவதும் சூரியகாந்திதான், இரண்டு ஏக்கர். படித்தவர் பேச்சு என்று நம்பி அவனும் பட்டத்தைத் தவறவிட்டு, தண்ணீரும் விடாமல் உட்கார்ந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியுமா? உண்மையைச் சொன்னாலோ பதினாறு வருட வேலைக்கு உலை. பாவி மனுஷன், கொஞ்சம் சந்தேகமாவது படக்கூடாதா என்று விஞ்ஞானிமேலேயே கோபம் வந்தது.

விஞ்ஞானி நோட்டைப் பிரித்து, பாத்தி எண்ணை எழுதிவிட்டு, பூவின் அளவைக் குறிக்க அடுத்த கட்டத்துக்குப் பேனாவை நகர்த்தினார். அம்மா சட்டென்று அவர் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கித் தன் கொண்டையில் செருகிக்கொண்டார்.