காரைக்குடி கம்ப்யூட்டர் நிலையத்துக்கு ஒரு சனிக்கிழமைப் பயணம்

எங்கள் நெற்குப்பைச் சமுதாயக் கூடத்துக்கு இன்டர்நெட்டோடு ஒரு கம்ப்யூட்டர் தருவதாகக் காரைக்குடி நிலையத்தார் சொல்லியிருந்தார்கள். அதை இயக்கவும் மற்றவர்களுக்குச் சொல்லித்தரவும் ஊரிலேயே ஒருவர் வேண்டும். இல்லாவிட்டால் அது வேறு ஊருக்குப் போய்விடும். காலேஜ் படித்தவர்கள் எல்லோரும் வெளியூரில். நான் ஒன்பதாவதோடு நின்றவள். ஆனாலும் அந்த வேலை எனக்கு வேண்டும் என்று ராணிச் சித்தியிடம் மட்டும் சொன்னேன். 1999 ஜூலையில் ஒரு சனிக்கிழமை இருவரும் கிளம்பினோம்.

காலை 7.20க்குத் திருப்பத்தூர் பஸ்; டிக்கெட் மூன்று ரூபாய். அங்கே காரைக்குடி பஸ் மாறினோம். இருபத்திரண்டு கிலோமீட்டர், முக்கால் மணி நேரம், ஐந்து ரூபாய்.

"எங்குட்டு போறீக?" என்றார் கண்டக்டர்.

"காரைக்குடிக்குப்பா. எங்க புள்ள கம்ப்யூட்டர் ஓட்டப் போகுது," என்றார் சித்தி.

"அப்ப டிக்கெட்டையும் அதுவே கிழிச்சிரும். நான் வீட்டுக்குப் போயிர வேண்டியதுதான்!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. காரைக்குடியில் நாங்கள் இறங்க வேண்டிய கல்லுக்கட்டி ஸ்டாப் வரும்வரை நான் ஜன்னலை விட்டுத் தலையை எடுக்கவில்லை.

நிலையத்தில் செருப்பை வெளியே விட வேண்டும். உள்ளே ஏசி, தரை ஜில்லென்று இருந்தது. "சாமி ரூமுல்ல இது!" என்று சித்தி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அங்கே பொறுப்பில் இருந்த கலா அக்கா, ஊரைப் பற்றி இங்கிலீஷில் நாலு வரி அடிக்கச் சொன்னார். எழுத்து எழுத்தாகத் தேடினேன். முதல் வரி முடிந்ததும் என் இடது கை தானாக எழும்பி மானிட்டரில் பட்டென்று அடித்தது. டைப்ரைட்டரில் வரி முடிந்தால் நெம்புகோலைத் தள்ளிப் பழகிய கை அது. பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். இனி வேலை கிடைக்காது, எல்லாம் முடிந்தது என்று எழுந்துவிட்டேன்.

"ஏய், உட்காரு. டைப்பிங் படிச்சியா?" என்றார் அக்கா.

"தமிழ் டைப்பிங்கு ரெண்டு வருசம் போனா," என்றார் சித்தி. "வாயத் தொறந்து சொன்னாத்தானே!"

"வாய் எதுக்கு? கை பேசட்டும்."

அக்கா தமிழ் எழுத்துருவுக்கு மாற்றினார். எழுத்துகள் எல்லாம் டைப்ரைட்டரில் இருந்த அதே இடத்தில்! எங்கள் ஊரில் மழை இல்லாதது, மாட்டு டாக்டர் வராதது, பஸ்ஸில் கண்டக்டர் செய்த கேலி வரை ஒரு பக்கம் அடித்துவிட்டேன். இன்டர்நெட்டுக்குப் போன் லைன் மூன்றாவது தடவைதான் கிடைத்தது. லைன் கீச்கீச்சென்று கத்தி ஓய்ந்ததும், என் கடிதம் இ-மெயிலில் திருப்பத்தூரில் இருந்த இன்னொரு நிலையத்துக்குப் போனது. பதினைந்து நிமிடத்தில் பதில்: "இவ்வளவு தமிழை யார் அடித்தது? எங்களுக்குச் சொல்லித்தர வருவீர்களா?"

"அடி ஆத்தி, உன்னையப் போயி 'நீங்க'ங்குறாக!" என்றார் சித்தி.

கம்ப்யூட்டர் எங்களுக்குத்தான்.

நீங்களும் காரைக்குடிக்குக் கற்றுக்கொள்ளப் போவதானால் பதினொரு மணிக்குள் போய்விடுங்கள். பிறகு லைன் கிடைப்பது கஷ்டம். பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. ஈரக்காலோடு உள்ளே போகாதீர்கள். இங்கிலீஷ் வராது என்று திரும்பிவிடாதீர்கள்.

அவ்வளவு தூரம் முடியாதவர்கள் நெற்குப்பைக் கூடத்துக்கு வாருங்கள், தினமும் பத்திலிருந்து நாலு வரை நான் இருப்பேன். என்னிடம் பேசக் கூச்சமாக இருந்தால் பேச வேண்டாம், எனக்கும் அப்படித்தான். பக்கத்தில் உட்கார்ந்தால் போதும். டீ டம்ளரை மட்டும் என் இடது பக்கம் வைத்துவிடாதீர்கள். வரி முடிந்தால் கை இன்னும் எழும்புகிறது.