பொட்டு கேட்ட கேமரா

போன மாதம் ஒரு கேமரா என்னை ரிஜெக்ட் செய்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சிவப்பு விளக்கு போட்டு, பீப் பீப் என்று கத்தி, தெலுக் பங்லிமா காராங் என்கிற ஊரில் பதினொரு பேர் பார்க்க ரிஜெக்ட் செய்தது.

தப்பு முழுக்க என்னுடையது. அதனால் கதையை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

என் மனைவியின் தம்பி கணேசன் அங்கே சின்னதாக ஒரு ஃபேக்டரி நடத்துகிறான். தானாகத் திறக்கிற ஆட்டோகேட்டின் பெட்டிக்குள் ஒரு சர்க்கியூட் போர்டு இருக்குமே, அதைச் செய்கிற இடம். முடித்த ஒவ்வொரு போர்டையும் பூதக்கண்ணாடியில் பார்த்து, தேறுமா தேறாதா என்று சொல்பவர் பத்மா அக்கா.

இந்த வருடம் அவர்களுடைய பெரிய வாடிக்கையாளர் ஒரு கண்டிஷன் போட்டார். இனிமேல் ஏஐ கேமராதான் போர்டைச் சோதிக்க வேண்டும். நேரில் வந்து பார்ப்பாராம்... திருப்தி இல்லையென்றால் ஆர்டர் வேறு இடத்துக்குப் போய்விடும். போனால் ஃபேக்டரியை மூட வேண்டியதுதான். பதினொரு பேர் வேலையும் அதோடு போய்விடும்.

கேமராவை வாங்கிவிட்டான் கணேசன். யார் அதைப் பழக்குவது?

"மச்சான், நீங்கதானே வாரா வாரம் ஏஐ பத்தி எழுதுறீங்க?"

எழுதுகிறவனுக்கு விஷயம் தெரியும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், பாருங்கள். நான் இருக்கிற பிரிக்பீல்ட்ஸிலிருந்து நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன்.

பழக்குவது ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. நல்ல போர்டு இருநூறு, கெட்ட போர்டு இருநூறு படம் பிடித்துக் காட்டினால் போதும் — வித்தியாசத்தை அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும். நான் போனது ஆயுத பூஜைக்கு மறுநாள். பூஜையில் வைத்த நல்ல போர்டுகள் தட்டுத் தட்டாக இருந்தன, ஒவ்வொன்றின் மூலையிலும் குங்குமப் பொட்டு. கெட்டவை குப்பைத் தொட்டியில் கிடந்தன. குப்பைக்கு யார் பொட்டு வைப்பார்கள்?

"துடைச்சிட்டு எடுக்கலாமா அக்கா?"

"சாமிக்கு வெச்சத ஒடனே அழிக்கக் கூடாது அண்ணே. இருக்கட்டும்லா."

பொட்டு என்ன செய்துவிடப் போகிறது என்று அப்படியே படம் எடுத்தேன். அன்றே சோதனையும் செய்தோம், அதே போர்டுகளை வைத்து. நூற்றுக்கு நூறு. கணேசன் எனக்கு மட்டன் பிரியாணி வாங்கிக் கொடுத்தான். புதுச் சாமானில் தூசி படக் கூடாதென்று கேமராவுக்குப் பிளாஸ்டிக் உறையும் போட்டு மூடினான்.

வாடிக்கையாளர் வருகிற அன்று காலைதான் உறையைக் கழற்றினோம். புதிதாகச் செய்த போர்டை வைத்தோம். சிவப்பு. அடுத்தது... சிவப்பு. நாற்பது போர்டு வைத்தோம், நாற்பதும் சிவப்பு.

"எல்லாம் நல்ல போர்டு பாஸ், நான் பாத்துட்டேன்" என்றார் பத்மா அக்கா. கணேசன் நேராகச் சாமி படத்துக்குப் போனான். குங்குமத்தை நெற்றியில் இட்டுக்கொண்டு, அதே விரலால் ஒரு போர்டின் மூலையைப் பிடித்துத் தூக்கி வைத்தான்.

பச்சை.

அது போர்டைப் பழகவில்லை, பொட்டைத்தான் பழகியிருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. கருகிப்போன ஒரு போர்டை எடுத்துப் பொட்டு வைத்துக் கொடுத்தேன். பச்சை. மேரி பிஸ்கட்டுக்குப் பொட்டு வைத்தோம். அதுவும் பச்சை. பத்மா அக்கா குனிந்து நெற்றியைக் காட்டினார் — பச்சை. வெறும் நெற்றியோடு நானும் குனிந்தேன். அப்போதுதான் அந்தப் பீப் பீப்.

திரும்பப் பழக்கலாம் என்றால் நேரம் ஏது? வாடிக்கையாளர் என்சிக் அஸ்மானின் கார் கேட்டுக்கு வந்துவிட்டது. பதினொரு பேரும் என்னையே பார்த்தார்கள். வெட்கத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பத்மா அக்கா மட்டும் பூதக்கண்ணாடியை எடுத்தார். "நான் பாத்து, நல்லதுக்கு மட்டும் பொட்டு வெக்கிறேன் பாஸ். மிச்சத்த அது பாத்துக்கும்."

என்சிக் (மலாயில் 'ஐயா') அஸ்மான் விவரமானவர். பையில் கொண்டுவந்திருந்த மூன்று போர்டுகளை எங்களுடையதோடு கலந்து, மொத்தம் இருபதை மேஜையில் வைத்தார். அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்தார். பதினேழுக்குப் பொட்டு வைத்தார், மூன்றைச் சும்மா விட்டார். கேமராவும் பதினேழுக்குப் பச்சை, மூன்றுக்குச் சிவப்பு காட்டியது. சோதிக்கவென்றே அவர் கொண்டுவந்த அதே மூன்று பழுதான போர்டுகள்.

"இந்தச் சிவப்புப் புள்ளி என்ன?" என்று மலாயில் கேட்டார். கணேசன் என்னைப் பார்த்தான். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"நான் பாத்துட்டேங்கிற அடையாளம், என்சிக்" என்றார் அக்கா, நல்ல மலாயில்.

"அப்ப கேமரா என்ன பாக்குது?"

கணேசனுக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதிலிருந்தே வராது. "அக்கா பாத்தாங்களான்னு பாக்குது, என்சிக்" என்றான்.

அவ்வளவுதான், ஃபேக்டரி போச்சு என்று நினைத்தேன். மனிதர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. அவர் போய்ப் பார்த்த மற்ற ஃபேக்டரிகளில் எந்தக் கேமராவும் மூன்றையும் பிடிக்கவில்லையாம். இங்கே மட்டும்தான் மூன்றும் மாட்டியதாம். ஆர்டர் உறுதி. கூடவே இரண்டு பக்கம் விதிமுறை: சிவப்புப் புள்ளி நான்கு மில்லிமீட்டர் அகலம், வலது கீழ் மூலை, மேலே கீழே அரை மில்லிமீட்டர் போகலாம். இந்த ஏற்பாட்டுக்கு 'பத்மா சிஸ்டம்' என்று பெயரும் வைத்து, மற்ற சப்ளையர்களுக்கும் அனுப்பிவிட்டார்.

நேற்று ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து ஒரு ஃபேக்டரிக்காரர் கணேசனுக்குப் போன் செய்தார். கேமரா வாங்கிவிட்டாராம், குங்குமமும் வாங்கிவிட்டாராம்... "பாஸ், அந்தப் பத்மா மட்டும் எங்க தேடியும் கெடைக்கலையே, என்ன மாடல் அது?"