ரோசியக்கா நிறுத்திய கப்பல்

கடலையே கண்ணால் பார்க்காத ஒருத்தி, கப்பலில் கொலை நடக்கிற கதை எழுதுகிறாள் என்றால் சிரிக்காமல் என்ன செய்வது? நானும் சிரித்தேன். அப்புறம் அந்தக் கொலையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நான்தான் தட்டச்சு செய்து கொடுத்தேன். எங்கள் எஸ்டேட் பஜாரில் ரேஷன் கடைக்கு மேலே மாடியில் ஜெராக்ஸ், லேமினேஷன், தமிழ் மலையாளம் டி.டி.பி. என்று ஒரு போர்டு தொங்கும். அது என் கடை. பெயர் சிவசங்கரி. வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் சொல்லுவார்கள். கல்யாணப் பத்திரிகையில் பெயரைத் தப்பாக எழுதிக்கொண்டு வந்தால் மாப்பிள்ளை வீட்டார் என்றும் பார்க்காமல் திட்டுவேன். அதனால் வந்த பெயர் அது.

ரோசியக்கா மேல் டிவிஷனில் கொழுந்து எடுப்பவள். ஐம்பதைத் தாண்டியாயிற்று. புருஷன் சுவக்கீன் தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை பார்க்கிறார். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி பேசாத மனுஷன். ஒரே மகன் வினோ ஓட்டல் படிப்பு முடித்துவிட்டு, வெளிநாட்டுக்காரர்களின் சின்ன உல்லாசக் கப்பல் ஒன்றில் சமையல்கட்டு வேலைக்குப் போனான். தீவு தீவாகச் சுற்றிக் காட்டுகிற கப்பல். அவன் போன பிறகுதான் அக்காவின் கதைகள் மலையை விட்டிறங்கிக் கடலுக்குப் போயின.

அதற்கு முன்னாலும் அவள் சும்மா இருந்தவள் இல்லை. உடுமலை பஸ் ஸ்டாண்டில் தொங்குகிற மர்ம நாவல்களை வாங்கி வந்து படித்துத் தீர்ப்பாள். பிறகு தானே கட்ட ஆரம்பித்தாள். எழுதுவதற்கு முன்னால் அவள் கதையைச் சொல்லிப் பார்க்கிற இடம் தேயிலைக் காடு. கத்திரியால் கொழுந்தை வெட்டிக்கொண்டே பக்கத்து வரிசைக்காரிகளுக்குச் சொல்லுவாள். அவர்களும் சும்மா கேட்க மாட்டார்கள். இவன் கொன்றிருக்க மாட்டான், அவள் மேல்தான் எனக்குச் சந்தேகம் என்று சண்டைக்கு வருவார்கள். ஒரு கதையில் ஜீப் டிரைவரைக் கொலைகாரனாக்கிவிட்டாள். அடுத்த வரிசையில் நின்ற ஜீப் டிரைவரின் பெண்டாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டாள், தண்ணீர் கேட்டாலும் கொடுக்கவில்லை. கடைசியில் கொலையை மேனேஜர் தலையில் கட்டிய பிறகுதான் சமாதானம். மேனேஜரின் பெண்டாட்டி கொழுந்து எடுக்க வரமாட்டாள் அல்லவா!

இப்படி எழுதியதையெல்லாம் என்னிடம் கொண்டு வருவாள். நான் அடித்துக் கொடுப்பேன், கோயம்புத்தூரில் ஒரு மாத நாவல் பத்திரிகைக்கு அனுப்புவோம். எல்லாம் போன வேகத்தில் திரும்பி வரும். ஒன்றுகூட அச்சில் ஏறவில்லை. அவளுக்கு அது பெரிய ஆசை. அட்டையில் தன் பெயரைப் பார்த்துவிட வேண்டும். வேறு எதையும் அவள் வாழ்க்கையில் இப்படி வாய்விட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை.

கப்பல் கதைதான் தப்பித்தது. ஒரு மத்தியானம் பத்திரிகை ஆசிரியர் மோகனசுந்தரம் என் கடைக்கே போன் செய்தார். அக்கா வீட்டுப் பக்கம் ரேஞ்ச் கிடையாது என்பதால் என் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். அக்காவை வரவழைத்து, ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஏனுங்க அம்மிணி, கதை ஜோரா இருக்குதுங்க. ஒரே மூச்சுல படிச்சுப்போட்டேன். அடுத்த மாசம் போட்டுறலாமுங்க. உங்க போட்டோ ஒண்ணு வேணுமுங்க, பின்னட்டைக்கு."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணெல்லாம் தண்ணீர். நான்தான் பதில் சொன்னேன்.

"ஒரே ஒரு எடம் மட்டும் மாத்தோணுமுங்க," என்றார் அவர். "அந்தக் கப்பல் நிக்கிற எடம்."

அந்த இடத்தைச் சொல்கிறேன். கப்பலில் துணி துவைக்கிற கிழவர் ஒருவர் கொலையாகிக் கிடக்கிறார். கேப்டன் சங்கு ஊதச் சொல்கிறார். இன்ஜினை நிறுத்துகிறார்கள். சமையல்கட்டில் அடுப்பை அணைக்கிறார்கள். நடுக்கடலில் கப்பல் அப்படியே நிற்கிறது. வேலைக்காரர்கள், பயணிகள், வெள்ளைக்காரச் சீமாட்டிகள் எல்லாரும் இறங்கி வந்து உடலைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருத்தன் மட்டும் மேலே மதுக்கடையில் வழக்கம்போலக் கண்ணாடிக் கிளாஸைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். கதையில் துப்புத் துலக்குகிறவள் துணி தேய்க்கிற சிசிலி; அவள் படியேறிப் போய் அவனைப் பார்க்கிறாள். சாவு விழுந்த அன்றைக்கு வேலைக்குப் போனவன் எவனோ, அவன்தான் கொன்றவன் என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது.

இதை அடித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தப்பு ஒன்றும் கண்ணில் படவில்லை. படாது. நானும் இந்த எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள்தானே. எங்கள் டிவிஷனில் ஒரு சாவு விழுந்தால், அடக்கம் முடிகிற வரை ஒருத்தரும் மலைக்கு ஏற மாட்டார்கள். கிறிஸ்தவ வேதக்காரர் சாவா, நம் ஆள் சாவா என்று பார்ப்பதில்லை. கம்பெனி என்ன சொன்னாலும் சரி. என் அப்பா செத்த அன்றைக்கு மலை முழுக்க ஒரு கத்திரிச் சத்தம் இல்லை. எங்கள் வாசலில் நிற்க இடமில்லாமல் ரோட்டில் நின்றார்கள். அன்றைக்கு அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் எனக்கு அழவே தைரியம் வந்தது.

மோகனசுந்தரம் பொறுமையாகத்தான் சொன்னார். "கப்பல்ல அப்படியெல்லாம் நிறுத்த மாட்டாங்க அம்மிணி. சுத்திப் பாக்க வந்தவங்களுக்குச் செத்த விசயமே தெரியாம பாத்துக்குவாங்க. பொணத்தைக் குளிர்ரூம்புல வெச்சுப்போட்டு ராத்திரி விருந்து போடுவாங்க. படிக்கிறவங்க சிரிச்சுப்போடுவாங்கல்லங்க?"

"சாவு விழுந்தா எப்படி சார் வேல செய்வாங்க?" என்றாள் அக்கா. அவள் விவாதம் பண்ணவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

"செய்வாங்க அம்மிணி. அதுதானுங்க கப்பலு."

போனை வைத்த பிறகு அக்கா, "நான் கடலக் கண்டனா, கப்பலக் கண்டனா? படிச்ச மனுஷன் சொன்னா சரியாத்தான் இருக்கும். மாத்திருவோம் சிவசங்கரி," என்றாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அன்றைக்கே அவளை நீலத்திரைக்கு முன்னால் உட்கார வைத்துப் போட்டோ எடுத்தேன். சிரி என்றால் முறைக்கிறாள், முறைக்காதே என்றால் கண்ணை மூடுகிறாள். படாதபாடு பட்டு ஒன்று தேறியது. மறுநாள் வந்து புது அத்தியாயத்தைச் சொன்னாள். கப்பல் நிற்காமல் போகிறது, சிசிலி வேறு ஏதோ துப்பு வைத்துக் கண்டுபிடிக்கிறாள். எனக்குச் சப்பென்று இருந்தது, ஆனாலும் சொல்லவில்லை. அச்சில் வந்தால் போதாதா?

"எதுக்கும் வினோகிட்ட ஒரு வார்த்த கேட்டுருவோம். பொணத்த எங்க வப்பாங்க, யாரு தூக்குவாங்கன்னு அவனுக்குத்தான தெரியும்," என்றாள். சரி என்று பழைய அத்தியாயம், புது அத்தியாயம் இரண்டையும் அவனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். கப்பல் கரை சேர்ந்தால்தான் அவனுக்கு நெட் கிடைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அக்கா நேராக என் கடைக்கு வந்துவிட்டாள். வினோ வீடியோவில் வந்தான். தலையில் வெள்ளைத் தொப்பி, பின்னால் பாத்திரங்கள். பையன் இளைத்திருந்தான்.

"சாப்ட்டியாடா?" என்றாள் அக்கா. கொலையைப் பற்றிக் கேட்க வந்தவள் அதைத்தான் முதலில் கேட்டாள்.

"சாப்ட்டேம்மா. அந்த சார் சொன்னது சரிதாம்மா. கப்பல் நிக்காது."

"நெசமாவா?"

அவன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "எங்கூட ஒரே ரூம்ல ஒரு ஆள் இருந்தாருல்லம்மா, பிலிப்பைன்ஸ்காரர், ரொமுலோ. எனக்கு மேல்கட்டில்ல படுப்பாரு. ஒனக்குக்கூட போன்ல கை காமிச்சாரு. போன மாசம் காலைல எழுப்பப் போனேன், எந்திரிக்கல. ஒறக்கத்துலயே போயிட்டாரு."

"ஏசுவே!" என்றாள் அக்கா.

"சாமான் ஏத்துற லிப்ட்டுல கீழ குளிர்ரூமுக்குக் கொண்டுபோனாங்க. என்னய ட்யூட்டிக்குப் போகச் சொன்னாங்க. போனேன். முட்டை பொரிச்சேம்மா. சாப்பாட்டு ஹால்ல பயணிங்க முன்னாலயே நின்னு முட்டை பொரிச்சேன். ஒரு அம்மா உப்பு கம்மியா இருக்குன்னு சொல்லிச்சு. ஸாரி மேடம்னு சொல்லிட்டு உப்புப் போட்டேன்."

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? சாரமில்லன்னு விட்டேன்." பரவாயில்லை என்பதற்கு எங்கள் மலையில் எல்லாரும் சொல்லுகிற மலையாளம்தான் அது. ஆனால் அவன் முகத்தில் பரவாயில்லை என்று ஒன்றும் இல்லை. ஒரு மாதமாக அந்த முட்டை அவன் தொண்டையிலேயே நின்றிருக்கிறது. எனக்குப் பொறுக்கவில்லை, எழுந்து போய் மின்விசிறி சுவிட்சைத் தட்டினேன்.

"நீ எழுதுன பழசு இருக்குல்லம்மா, கப்பல் நிக்குறது," என்றான் வினோ. "அத எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசுல எங்க கிச்சன்ல வாசிச்சுக் காமிச்சேன். எல்லாரும் ரொமுலோவத் தெரிஞ்சவங்க. பாத்திரம் கழுவுறவரு கொழாய மூடிட்டு வந்து நின்னு கேட்டாரு."

"சிரிச்சாங்களாடா?"

"இல்லம்மா. அது எந்தக் கப்பலு, எந்தக் கம்பெனின்னு கேக்குதாங்க. அதுல வேல கெடைக்குமான்னு கேக்குதாங்க."

அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். அந்தப் பக்கம் பையனும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். யாரோ அவனைக் கூப்பிட்டார்கள், வைக்கிறேம்மா என்று வைத்துவிட்டான்.

அழுது முடித்து அக்கா சொன்ன முதல் வார்த்தை, "புதுசா அடிச்சத அழிச்சிரு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "ஒனக்குக் கிறுக்கா அக்கா? எத்தன வருசமா இதுக்குத் தவம் கெடக்க! ஒன் பேரு அட்டையில வரப்போகுது. போட்டோ எடுத்து வச்சிருக்கேன். பையனே கப்பல் நிக்காதுன்னு சொல்லிட்டான். அப்புறம் என்ன வீம்பு?"

"நிக்காதுன்னு தெரிஞ்சுதான் சொல்லுதேன்," என்றாள். "பேரு கெடக்கட்டும் சிவசங்கரி. அந்த மனுஷனுக்கு எங்கயாவது ஒரு எடத்துல கப்பல் நிக்கணும்லா."

புது அத்தியாயத்தைத் திறந்து, அவள் கண் முன்னாலேயே அழித்தேன்.

திங்கட்கிழமை அவளே மோகனசுந்தரத்திடம் பேசினாள். மாற்ற முடியாது என்று சொன்னாள், காரணத்தையும் சொன்னாள். அவர் ரொமுலோவின் கதையை முழுக்கக் கேட்டார். "எனக்கும் சங்கடமாத்தானுங்க இருக்குது. ஆனா மர்ம நாவல் படிக்கிறவங்க இத ஒத்துக்க மாட்டாங்க அம்மிணி. வேற ஒண்ணு எழுதிக் குடுங்க, கண்டிப்பாப் போடறேன்," என்றார். அவர் மேல் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அடுத்த மாத இதழில் வேறு யாருடைய கதையோ வந்தது. அக்கா அதையும் வாங்கிப் படித்துவிட்டு, ரெண்டாம் அத்தியாயத்திலேயே கொலைகாரன் யார் என்று தெரிந்துவிட்டது என்று காறித் துப்பாத குறையாகச் சொன்னாள். அந்தப் பேச்சுக்குப் பின்னால் அவளுக்கு வலித்தது என்பது எனக்குத் தெரியும். அட்டையில் இருந்த பெயரை விரலால் ஒரு தடவை தடவிவிட்டுத்தான் புத்தகத்தை மூடினாள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் மழையோடு கடைக்கு வந்தாள். கதையில் ஒரே ஒரு மாற்றம் வேண்டுமாம். செத்துப்போகிற துணி துவைக்கிற கிழவருக்கு ரொமுலோ என்று பேர் வைக்க வேண்டுமாம்.

"அந்த மனுஷன் ஒறக்கத்துல நிம்மதியாப் போனாரு. நீ அவரப் போயிக் கொல பண்ணுதியே அக்கா!" என்றேன்.

"கொன்னா என்ன? சுத்தி ஒக்காந்து அழ ஆளு இருக்குல்லா," என்றாள்.

கதை முழுக்கப் பேரை மாற்றினேன். அவள் பக்கத்திலேயே நின்று, கப்பல் நிற்கிற அத்தியாயத்தை என்னை வாய்விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். சங்கு ஊதுகிற இடத்தில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"வினோவுக்கு அனுப்பிரு," என்றாள். "அவன்கூட இருக்குறவங்க கேட்டதுக்கு இன்னும் பதில் சொல்லாம இருக்கோம்லா. இந்தக் கப்பல்ல எடம் இருக்கு, எல்லாரும் ஏறிக்கலாம்னு எழுது."

எழுதி அனுப்பினேன்.