சபுரா பீவி கொடுத்த கிட்னி

பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டோரம் பஞ்சர் கடை வைத்திருந்த ஜெய்னுலாப்தீன் தங்கமான மனிதர். ஆனால் பிடித்த முயலுக்கு மூன்றே கால். 1993-இல் இரண்டு கிட்னியும் கெட்டு, ஆள் தேறுவாரா என்றிருந்தபோது மனைவி சபுரா பீவி தன் கிட்னி ஒன்றைக் கொடுத்தார். மதுரையில் ஆபரேஷன். படுக்கையில் கிடந்தபடியே இவர் நேர்ச்சை வைத்துக்கொண்டார்: பிழைத்தெழுந்தால் வரும் ரம்ஜானில் ஒரு நோன்பும் விடுவதில்லை.

டாக்டர் சொன்னது வேறு. வெளியிலிருந்து வந்த கிட்னியை உடம்பு தனதென்று ஏற்காமல் தாக்கப் பார்க்கும். அதைத் தடுக்கும் மருந்தைக் காலையும் இரவும் நேரம் தவறாமல் விழுங்க வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். பள்ளிவாசல் ஹஜ்ரத்தும், "நோயாளிக்குக் கடமையில்லை, ஏழைக்குச் சோறு போடுங்க, போதும்" என்றார். கேட்கிற காதாக இருந்தால்தானே!

ரம்ஜான் வந்தது. சபுரா பீவி கொடுத்துவிடும் சோற்றையும் காலை மாத்திரையையும் வாங்கிக்கொண்டு கடைக்குப் போவார். மாத்திரை சட்டைப்பையில் கிடக்கும். இரவில் இரண்டு வேளைக்கும் சேர்த்து விழுங்கிவிடுவார். சோறு பக்கத்து டீக்கடை தனுஷ்கோடிக்கு. அல்லாவிடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறோம் என்று உள்ளுக்குள் பெருமை வேறு.

மாதக் கடைசியில் பாதம் வீங்கியது. "வெயில்ல நின்னது" என்று மழுப்பினார். அன்று சாயங்காலம் கடைக்கு வந்த சபுரா பீவியைப் பார்த்துத் தனுஷ்கோடி வெள்ளந்தியாகச் சொன்னான்: "அக்கா, நேத்து மீன் கொழம்பு அம்புட்டு ருசி. இந்த மாசம் பூரா ஒங்க கைச் சோறுதான்!"

அந்தம்மாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. நடுரோடென்றும் பார்க்கவில்லை.

"வாக்கு அல்லாகிட்ட குடுத்தீக, சரி. கிட்னி குடுத்தவ இங்கன இருக்கேனே, என்னைய ஒரு வார்த்தை கேட்டீகளா மச்சான்?"

கத்தினார், அழுதார், வந்த பஸ்ஸிலேயே மதுரைக்கு இழுத்துப் போனார்.

சிறுநீர் அநேகமாக நின்றிருந்தது. கடுமையான ஊசி போட்டார்கள். கேட்காவிட்டால் கிட்னியை எடுத்துவிட வேண்டியதுதான் என்றார் டாக்டர். ஜெய்னுலாப்தீன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு தேம்பினார்.

"ஒன் பொருளக் கெடுத்துப்புட்டேன் புள்ள."

"கண்ணுல விடுற தண்ணியக் கீழ விடுங்க. நான் பாட்டில வச்சுக்கிட்டுக் காத்துக் கெடக்கேன்."

அழுகையோடு அவருக்குச் சிரிப்பும் வந்துவிட்டது.

பெருநாளன்று காலை பாட்டில் பாதிக்குமேல் நிறைந்தது. சபுரா பீவி அதை வார்டு முழுக்கக் காட்டாத குறைதான். டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. கிட்னியில் பாதி போய்விட்டது, அது திரும்பாது, மீதி எத்தனை வருஷம் ஓடுமென்று சொல்ல முடியாது என்றார். அந்த மீதியோடு இவர் மகளுக்கு நிக்காஹ் முடித்து, 99-இலும் லாரி டயர் கழற்றிக்கொண்டிருந்தார் என்பது அன்றைக்கு யாருக்குத் தெரியும்?

சபுரா பீவி மாத்திரையைப் புருஷனின் உள்ளங்கையில் வைத்து, அவர் விழுங்கும்வரை வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினார்.

"கிட்னி பாதி போனா போகுது டாக்டரய்யா. ஆளு முழுசா இருக்காகள்ல."