மேல் இரண்டு வரிசைச் சாவிகள்

அந்தக் கடைத்தெருவில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் உதட்டைப் பிதுக்குவார்கள். ‘ஏழு லீவர்’ என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடக் கை காட்டும். பூட்டு வாங்க யார் வந்தாலும், “ஏழு லீவர் போட்டது எடுத்துக்குங்க, நிம்மதியாத் தூங்கலாம்” என்று இருபத்தாறு வருஷமாக ஒரே பல்லவியைப் பாடியதில் ஒட்டிக்கொண்ட பட்டம் அது.

இரண்டு கையையும் விரித்தால் இரண்டு சுவரிலும் இடிக்கும் கடை. முன்னால் ஒரு மேஜை, அதன்மேல் சாவி வெட்டும் மெஷின், பக்கத்தில் அரங்கள். பின்சுவரில் பச்சைப் பெயின்ட் அடித்த பெரிய பலகை. அதில் நான்கு வரிசைக் கொக்கிகள். ஒவ்வொரு கொக்கியிலும் ஒரு சாவி, ஒவ்வொரு சாவியிலும் வீட்டு எண் பொறித்த வட்டத் தகடு. நகல் சாவி வெட்ட வருபவர்களிடம் கேட்டுக்கொண்டு, கூட ஒன்று வெட்டி மாட்டிவைப்பார். தொலைத்துவிட்டுப் பதறி ஓடி வந்தால் எடுத்துக் கொடுப்பார். முதல் கொக்கியில் தொங்கியது அவர் வீட்டுச் சாவி. “என் வீட்டையே நம்பி மாட்டியிருக்கேன், உங்களுக்கு என்ன பயம்?” என்பார். அந்தப் பலகைதான் அவருடைய பட்டம், பதவி எல்லாம். அதற்காகவே தெருப் பாதுகாப்புக் கமிட்டிக்கு அவரைத் தலைவராக்கினார்கள்.

அவர் தலைவரான வருஷமே தெருவில் திருட்டு ஆரம்பித்தது. மூன்று மாதத்தில் ஐந்து வீடுகள். எல்லாம் பட்டப்பகலில், ஆளில்லாத நேரத்தில். பூட்டு உடையவில்லை, ஜன்னல் பெயரவில்லை. ஐந்தாவது வீட்டில் மட்டும் ஆள் இருந்தார். அது கம்பவுண்டர் வீடு. ஆஸ்பத்திரியில் மருந்து கட்டிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். ஏழு லீவருக்கு நகமும் சதையுமான சிநேகிதர். வழக்கமாகக் காலையில் வாசகசாலைக்குப் போகிறவர், அன்றைக்குக் காய்ச்சல் என்று மாடியில் படுத்திருந்தார். சத்தம் கேட்டு இறங்கி வந்தவரைத் திருடன் படிக்கட்டிலேயே தள்ளிவிட்டு ஓடினான். இடுப்பு எலும்பு முறிந்தது. முகத்தைத் துணியால் மூடியிருந்தான் என்பதற்குமேல் கம்பவுண்டரால் எதுவும் சொல்ல முடியவில்லை.

அன்றைக்கே ஏழு லீவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். தண்ணீர்த் தொட்டிச் சுவரில் உட்கார்ந்து அரட்டையடிக்கும் பிள்ளைகள்தான் காரணம். “எந்த வீட்டுல ஆள் எப்ப கிளம்புதுன்னு இதுங்களுக்குத்தானே தெரியும்? வேலைவெட்டி இல்லாத கழுதைங்க!” என்றார். சொன்னதோடு நிற்காமல், மறுநாளே கொத்தனாரைக் கூட்டி வந்து சுவரின் மேல் கண்ணாடிச் சில்லுகளைப் பதிக்க வைத்தார்.

விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் அம்மா அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு நேரே கடைக்கு வந்தார்.

“பகல் முழுக்கத் தெருவைப் பார்த்துட்டு இருந்தது அந்தப் பிள்ளைங்க மட்டும்தான். அவங்களையும் விரட்டிட்டீங்களே? ஆறு பேரைக் கமிட்டியில சேருங்க.”

“பூனையைப் பாலுக்குக் காவல் வைக்கச் சொல்றீங்களா மேடம்?”

“பால் ஏற்கெனவே போயிட்டுத்தானே இருக்கு? வச்சுத்தான் பாருங்களேன்.”

வேண்டாவெறுப்பாகச் சேர்த்தார். ஆறு பேருக்கும் முன்னால் நின்றவள் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படிக்கும் பெண். எதையாவது கழற்றி மாட்டிக்கொண்டே இருப்பதால் அவளைத் தெருவில் ‘போல்ட்டு’ என்பார்கள். அவளும் மற்றவர்களும் நோட்டும் பேனாவுமாக வீடு வீடாகப் போனார்கள். யார் யாரிடம் சாவி இருக்கிறது, கடைசியாக எப்போது நகல் எடுத்தீர்கள், எங்கே எடுத்தீர்கள் என்று கேட்டு எழுதினார்கள். “கேட்கட்டும், பொழுது போகணுமில்ல?” என்று ஏழு லீவர் சிரித்தார்.

அவர்கள் சேர்ந்த மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் பள்ளிக்கூட வகுப்பறையில் கூட்டம். இன்ஸ்பெக்டர் அம்மாவும் சாதாரண உடையில் வந்திருந்தார். போல்ட்டு எழுந்தாள்.

“மாமா, எல்லாரும் உங்க வீடு வரைக்கும் வரலாமா? அஞ்சு நிமிஷம்தான்.”

“எங்க வீட்டுல என்னம்மா இருக்கு? கடப்பாறைக்கே அசையாத கதவு அது.”

“அதான் மாமா.”

நாற்பது பேர் கிளம்பினார்கள். அவர் மனைவியும் கூட்டத்துக்கு வந்திருந்ததால் வீடு பூட்டிக் கிடந்தது. போல்ட்டு படியேறினாள். பையிலிருந்து ஒரு சாவியை எடுத்தாள். புதிதாக ராவிய உலோகம் வெயிலில் பளிச்சிட்டது. துவாரத்தில் விட்டு, லேசாக அசைத்துத் திருப்பினாள்.

டக்கென்று ஒரு சத்தம். கதவு திறந்துகொண்டது.

உள்ளே அணைக்க மறந்த மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நாற்காலி முதுகில் அவருடைய கிழிந்த பனியன். மேஜையில் பாதி குடித்த காப்பி, அதில் ஆடை. தெருவே வாசலில் நின்று அதையெல்லாம் பார்த்தது. மனைவி பதறி இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். அவளுடைய சாவி செருகிய இடத்திலேயே இருந்தது.

ஏழு லீவருக்குக் காது அடைத்துப்போயிற்று. பிறகு ரத்தம் தலைக்கேறியது.

“திருட்டுக் கழுதை! யாருடி உனக்குச் சாவி குடுத்தது?” என்று கையை ஓங்கிவிட்டார்.

இன்ஸ்பெக்டர் குறுக்கே வந்தார். “நான்தான் அனுமதி குடுத்தேன். அவ சொல்றதைக் கேளுங்க.”

போல்ட்டு அவர் பக்கம் திரும்பினாள். செல்போனை நீட்டினாள். சாலைக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்த படம்: அவர் கடை, அவர், முதுகுக்குப் பின்னால் பச்சைப் பலகை. இரண்டு விரலால் படத்தை அகட்டினாள். பலகை பெரிதாயிற்று. முதல் கொக்கி. தகட்டில் ‘14’. சாவியின் ஒவ்வொரு பல்லையும் எண்ணிவிடலாம் போலிருந்தது.

“நீங்க குடுத்துட்டீங்க மாமா,” என்றாள். “இதைப் பார்த்துத்தான் காலேஜ் பட்டறையில ராவினேன். முதல்ல செஞ்சது கோணிப்போச்சு, இது ரெண்டாவது. திறக்கும்னு எனக்கே இப்பதான் தெரியும்.” படத்தை லேசாகக் கீழே நகர்த்தினாள். “திருட்டுப் போன அஞ்சு வீட்டுச் சாவியும் மேல் ரெண்டு வரிசையில இருக்கு. கீழ் வரிசைங்களை மெஷின் மறைக்குது. அங்க மாட்டின வீடு ஒண்ணுலகூடத் திருட்டு நடக்கலை.”

அவர் கண் படத்தில் அடுத்த வரிசைக்கு இறங்கியது. முப்பத்தொன்று, கம்பவுண்டர் வீடு. இரண்டாம் வரிசை, நான்காவது கொக்கி. அந்தத் தகட்டில் அவரே துளை போட்டு அவரே மாட்டினார், கம்பவுண்டர் பக்கத்தில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தபோது. வாசல்படியில் செருப்புகளுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டார். மனைவி தண்ணீர் கொண்டுவந்து கையில் திணித்தாள். டம்ளரைப் பிடித்துக்கொண்டு, “என்ன இது?” என்று அவளிடமே கேட்டார்.

சற்றுப் பொறுத்து எழுந்து கடைக்கு நடந்தார். எதிர் நடைபாதையில் போய் நின்றார். இருபத்தாறு வருஷத்தில் அங்கிருந்து அவர் தன் கடையைப் பார்த்ததே இல்லை. நகைக்கடைக் கண்ணாடிக்குள் அடுக்கிவைத்ததுபோல ஊர்ச் சாவிகள் எண்ணோடு பளபளத்தன. போகிற வருகிறவர்கள் பார்த்தும் பார்க்காமலும் போனார்கள். பக்கத்துக் கடைக்காரர் ஓடி வந்து தோளைப் பிடிப்பதற்குள் அவர் சாக்கடையோரமாகக் குனிந்து வாந்தி எடுத்தார்.

பலகையை அப்போதே பெயர்க்கப் போனவரை இன்ஸ்பெக்டர் தடுத்தார். சாவிகள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, எந்தக் கதவுக்கும் ஆகாத பழைய சாவிகளை மாட்டச் சொன்னார். முதல் வரிசையில் ஒன்று மட்டும் மெய்யான சாவி. அது காலி வீடு ஒன்றினுடையது. உள்ளே இரண்டு போலீஸ்காரர்கள் முறைவைத்துக் காத்திருந்தார்கள். பதினெட்டாம் நாள் பகல் பதினொரு மணிக்கு ஒருவன் அந்தக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே நுழைந்தான், அகப்பட்டான்.

ஸ்டேஷனில் ஆளைக் காட்டியபோது ஏழு லீவருக்கு இரண்டாவது இடி விழுந்தது. பெட்டிகள் விற்கிறவன் என்று சொல்லிக்கொண்டு மாதத்துக்கு இரண்டு தடவை கடைக்கு வந்தவன். பெட்டிப் பூட்டை ரிப்பேர் செய்து முடிக்கும்வரை உட்கார அவர்தான் ஸ்டூல் போட்டார், டீ வாங்கிக் கொடுத்தார். அவன் செல்போனில் என்னவோ பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றே நினைத்திருந்தார்.

“என்னண்ணே, சௌக்கியமா?” என்று கேட்டான் அவன், கையில் விலங்கோடு.

அதற்குள் தெருவில் பூட்டு மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தது. அவரே எல்லா வீட்டுக்கும் தன் செலவில் புதுப் பூட்டு போட்டார். பிள்ளைகள் ஆறு பேரும் திருப்புளியும் பெட்டியும் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார்கள். தலைவர் பதவி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். போல்ட்டுவிடம் மன்னிப்புக் கேட்க மூன்று தடவை ஆரம்பித்தார். மூன்று தடவையும் அவள், “மாமா, இந்த ஸ்க்ரூ சேரலை பாருங்க,” என்று பேச்சை மாற்றினாள். நான்காவது தடவை, “சுவத்துல இருக்கிற கண்ணாடியை எடுத்துடுங்க, அது போதும்,” என்றாள். உளியால் ஒவ்வொரு சில்லாகக் கொத்தி எடுக்க அவருக்கு ஒரு முழுப் பகல் பிடித்தது. விரலில் நாலு இடத்தில் கிழித்தது.

கம்பவுண்டர் வீட்டுக்கு மட்டும் போகாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். அங்கே மகள் வேறொரு பூட்டைத் தொங்கவிட்டிருந்தாள் என்பது சாக்கு. கடைசியில் ஒரு நாள் தனியாகவே போனார். நர்ஸ் வேலை பார்க்கும் மகள் கதவைத் திறந்தாள். வாங்க என்றும் சொல்லவில்லை, போங்க என்றும் சொல்லவில்லை. கூடத்துக் கட்டிலில் கம்பவுண்டர் படுத்திருந்தார். தலைமாட்டில் வாக்கர் நின்றது.

“என் வீட்டு நம்பரையும் எழுதியா மாட்டியிருந்தே?” என்றார் கம்பவுண்டர்.

“ஆமா.”

“நான் தினமும் உன் கடையில உக்காந்திருந்தேனேடா! எனக்கும் தோணலையே!” முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்குவதை ஏழு லீவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

பூட்டு மாட்டி முடிக்க ஒரு மணி நேரமாயிற்று. மூன்று சாவிகளையும் மகளின் உள்ளங்கையில் வைத்தார்.

“நகல் ஏதாவது இருக்கா மாமா?”

“இல்லைம்மா.”

அவள் நகரவில்லை. “பையைக் காட்டுங்க.”

பிறந்ததிலிருந்து அவர் தூக்கி வளர்த்த பெண். அவர் சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டினார். பிறகு இடுப்புப் பை. கருவிப் பெட்டியையும் தரையில் கவிழ்த்தார். அரம், திருகாணிகள், ஒரு பேனா, எண்ணெய்க் குப்பி. அவள் குனிந்து ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். பிறகு, “சரி, போயிட்டு வாங்க,” என்றாள். அவர் திருகாணிகளைப் பொறுக்கி முடிக்கும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.