தீவில் நான் அழைத்த விருந்தாளி

நம்புகிறவர்கள் நம்புங்கள். நம்பாதவர்களிடம் கெஞ்ச எனக்கு நேரமில்லை. 1977இல் எனக்கே நடந்தது இது.

நித்தியானந்தன் என்னோடு படித்தவன். குயின்ஸ்லாந்துத் தீவு ஒன்றில் ஹோட்டல் கட்டும் கம்பனியில் எஞ்சினியர். "சொர்க்கம் மச்சான், வந்து பார்" என்று ஒரு வருடமாகத் தொல்லை. சிட்னியில் மெரிலேண்ட்ஸ் வீட்டில் மனைவி யோகாவையும் மூன்று வயது மகனையும் விட்டுவிட்டுப் போனேன்.

சொர்க்கத்தின் லட்சணத்தைக் கேளுங்கள். இருந்த தென்னைகளை வெட்டிச் சாய்த்துவிட்டு, தென்னைப் படம் போட்ட விளம்பரப் பலகை நட்டிருந்தார்கள். வெண்மணலில் புல்டோசர். பக்கத்திலேயே எண்ணெய் பூசிக்கொண்டு கருவாடாய்க் காயும் வெள்ளைக்காரர்கள். நித்தி எல்லாவற்றையும் தன் அப்பன் வீட்டுச் சொத்துப் போலக் காட்டினான். பொறுக்க முடியாமல் தனியே நடந்தேன்.

மாலை ஆறு மணி. கடற்கரைக் கோடியில், கிண்டிப் போட்டிருந்த மண்ணில் ஒருவர் இருந்தார். இடுப்பில் சாரம் கட்டியிருந்தார். கறுத்த முதுகு. நம்மவர்!

அந்தக் காலத்தில் நம்மவர் ஒருவரைக் கண்டால் ஓடிப்போய் ஊர் கேட்பதும், உடனே வீட்டுக்குக் கூப்பிடுவதும் எங்களுக்கு ஒரு வியாதி.

"ஐயா எவ்விடம்?"

"இஞ்சைதான்." அவர் திரும்பவில்லை. "இருந்த இடத்தைக் கிண்டிப்போட்டாங்கள். இனி எங்க போறது..."

வேலை போன கூலியாள் என்று நினைத்தேன். இந்த மூக்குச்சிந்தலை யார் கேட்பது? தட்டிக்கழிக்க வாயில் வந்ததைச் சொன்னேன்.

"சிட்னிப் பக்கம் வந்தா எங்கட வீட்டை வாங்கோ."

விலாசம் சொல்லவில்லை. சொல்லும் எண்ணமும் இல்லை.

"ஓம்... பேத்தியையும் கூட்டிக்கொண்டு வாறன். விளையாட உங்கட மகன் இருக்கிறான்தானே."

மகனைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை...

அலை வந்தது. அவர் இடுப்புவரை ஏறி இறங்கியது.

சாரம் நனையவில்லை.

ஓடினேன். விடிந்ததும் முதல் படகைப் பிடித்து, விமானம் ஏறினேன்.

மறுநாள் மத்தியானம் யோகா வாசலிலேயே பாய்ந்தாள்.

"ஆக்களை அனுப்பினா ஒரு சொல்லுச் சொல்லக்கூடாதே? நேற்று ஆறு மணிக்கு ஒரு ஐயா வந்தவர். நீங்கள் வரச் சொன்னதாம்."

நேற்று... ஆறு மணிக்கு...

"இப்ப எங்க?"

"சாப்பிட்டுட்டுப் போட்டார். பேத்தி நித்திரை, எழுப்பாதையுங்கோ, பிறகு வந்து கூட்டிக்கொண்டு போறன் எண்டவர். மகன்ர கட்டிலிலதான் படுத்திருக்கிறாள். இன்னும் எழும்பேல்லை, பாவம்."

அறைக்குள் பாய்ந்தேன்.

மகன் மட்டும்தான்.

பக்கத்தில் மெத்தை பள்ளமாக... ஈரமாக...

வெண்மணல்.

அடுத்த வாரம் நித்தி போன் செய்தான். அந்தக் கோடியில் இன்னும் ஆழமாகக் கிண்டியபோது, அந்தக் காலத்தில் எங்கள் ஊர்ப்பக்கமிருந்து கொண்டுவந்த கரும்புத் தோட்டக் கூலிகளின் புதைகுழிகள் வந்தனவாம். ஒன்றில் பெரிய ஆளின் எலும்புகள். பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி, ஆணி அடித்தபடியே. திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை. வேலை நின்றுவிடக்கூடாதென்று எல்லாவற்றின் மேலும் அன்றே கொங்கிரீட் ஊற்றிவிட்டார்களாம். அந்தப் புத்திசாலி சிரித்துக்கொண்டே சொன்னான்.

பேத்தியைக் கூட்டிப்போக அவர் இன்றுவரை வரவில்லை. என் மகன் இப்போதும் கட்டிலில் ஓர் ஓரமாகத்தான் படுக்கிறான்.