கேப்டனுக்கு முதலில் எத்தனை பட்டை

நேற்று நீங்கள் இரண்டு பேரும் போட்ட சண்டை தெருமுனை வரைக்கும் கேட்டது. டிவி தொடரில் விண்கப்பல் ஓட்டுகிற அந்தக் கேப்டன், கேப்டன் ஆவதற்கு முன்னால் என்ன வேலையில் இருந்தான், நேராக அதிகாரியாகவே சேர்ந்தானா, அடிமட்டத்திலிருந்து ஏறி வந்தானா என்று ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு ஆதாரம் காட்டினீர்கள். "நீ சொல்லுப்பா" என்று என்னிடம் வந்தபோது நான் எழுந்து வெளியே போய்விட்டேன். உங்கள்மேல் கோபம் இல்லை. இதே மாதிரி ஒரு சண்டையில் நானும் ஒரு முறை ஜெயித்திருக்கிறேன். அதை நேரில் சொல்ல வாய் வராது என்பதால் எழுதுகிறேன். பத்தாவதோடு நின்றவன் நான். எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு வீடு மாறி ஆறு மாதம் ஆகியிருந்தது. என் அப்பா போலீஸ்காரர் என்பது உங்களுக்குத் தெரியும். விழுப்புரத்தில் அவர் ஏட்டு. சட்டைக் கையில் மூன்று பட்டை. ஒரு நாள் கைதி ஒருவனைக் கோர்ட்டுக்குக் கூட்டிப் போகும்போது பஸ்ஸில் கண் அசந்துவிட்டார். அதற்கு முந்தைய மூன்று நாளும் திருவிழா பந்தோபஸ்து, படுக்கவே இல்லை. விக்கிரவாண்டியில் பஸ் நின்று கிளம்பிய பிறகுதான் விழித்தார். பக்கத்து இருக்கை காலி. ஓடியவனை இரண்டே வாரத்தில் பிடித்துவிட்டார்கள். ஆனாலும் அப்பாவின் ஒரு பட்டையை எடுத்துவிட்டார்கள், ஊரையும் மாற்றிவிட்டார்கள்.

அந்தப் பட்டையைப் பிரித்தது என் அத்தை, அப்பாவின் தங்கை. எங்களோடுதான் இருந்தார். சட்டையை மடியில் போட்டுக்கொண்டு பிளேடால் ஒவ்வொரு நூலாக அறுத்தார். துணி கிழியவில்லை. ஆனால் வெளுத்துப்போன காக்கியில் பட்டை இருந்த இடம் மட்டும் வெளுக்காமல் கருப்பாக நின்றது.

திண்டிவனத்தில் நாங்கள் குடியிருந்தது ஒரு மாடி வீடு. கீழே வீட்டுக்காரர் குடும்பம். வீடு பார்க்கப் போன அன்றைக்கே அம்மா, "எங்க வூட்டுக்காரரு ஏட்டுங்க" என்று சொல்லிவிட்டார். பொய் சொல்லவேண்டும் என்று சொன்னதாக இப்போது எனக்குத் தோன்றவில்லை. நாலு வருஷமாகச் சொல்லிப் பழகிய வாய். தெருவே அப்பாவை ஏட்டையா என்று கூப்பிட்டது. சைக்கிளில் டூட்டிக்குப் போகிற போலீஸ்காரர்கள் எல்லாரும் காக்கிக்கு மேலே ஒரு கலர் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் போவார்கள். அதனால் அப்பாவின் கையில் எத்தனை பட்டை என்று யாரும் பார்த்ததில்லை. அம்மா அந்தச் சட்டைகளை வெளிக்கொடியில் போடமாட்டார். அறைக்குள்ளேயே கயிறு கட்டிக் காயவைப்பார்.

இதற்கு நடுவில் அத்தைக்கு ஒரு வரன் கூடி வந்தது. அத்தைக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அதற்கு முன் வந்த நாலும் தட்டிப்போயிருந்தன. மாப்பிள்ளை, எங்கள் கீழ்வீட்டில் இருந்த வீட்டுக்கார அம்மாவின் சொந்தத் தம்பி. செஞ்சி ரோட்டில் எலக்ட்ரிகல் சாமான் கடை வைத்திருந்தார். பெண்ணைப் பிடித்துவிட்டது, பெண்ணின் அண்ணன் ஏட்டு என்பதும் பிடித்துவிட்டது. அடுத்த மாதம் பூ வைக்க வருவதாகப் பேச்சு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழ்வீட்டு டிவியில் ஒரு விண்கப்பல் தொடர் வரும். தமிழில் பேசவைத்துப் போடுவார்கள். நானும் அத்தையும் ஒரு வாரம் விடமாட்டோம். வரன் பேச ஆரம்பித்த பிறகு, அது மாப்பிள்ளை வீட்டு உறவு என்று அத்தை கீழே வருவதை நிறுத்திவிட்டார். நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து கதை சொல்லவேண்டும்.

எங்கள் சண்டை கேப்டனின் பட்டையைப் பற்றித்தான். இப்போது அவன் கையில் நாலு பட்டை. பழைய கதை காட்டும்போது ஒரு வாரம் மூன்று பட்டையோடு வந்தான். இன்னொரு வாரம் இரண்டு. வீட்டுக்காரரின் மகன் பத்தாவது படிக்கிற அண்ணன். இரண்டுதான் முதலில், மூன்று அப்புறம் என்றான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. என்னிடம் கதை கேட்ட அத்தையும் என் கட்சிதான்.

"நெத்தியில தழும்பைப் பாருண்ணா. மூணு பட்டை இருக்கச்சே தழும்பு இல்ல. ரெண்டு பட்டையில தழும்பு இருக்குது. அப்போ ரெண்டுதான பின்னாடி? எறக்கிட்டாங்க."

"டிரெஸ் மாட்டிவுடறவன் மறந்துட்டிருப்பான்டா. கேப்டனைப் போயி எறக்குவாங்களா? வேலைக்குப் போனா ஏத்தம்தான். எங்கப்பா இருபது வருஷமா தாலுகா ஆபீஸ்ல கீறாரு, கேட்டுப் பாரு."

வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே, "குடுத்ததைப் புடுங்கினா அதுக்குப் பேரு கவர்மெண்டாடா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

"அப்படி ஒரு ஆளைக் காட்டுடா, ஒத்துக்கறேன்" என்றான் அண்ணன்.

என்னிடம் ஆள் இருந்தது. மாடிக்கு ஓடினேன். அம்மா குழாயடியில், அத்தை அடுப்பில். கயிற்றிலிருந்து சட்டையை உருவிக்கொண்டு இறங்கி, டிவிக்கு முன்னால் தரையில் விரித்தேன்.

"தோ பாரு. எங்கப்பாவுக்கும் மூணு இருந்துச்சி. ஒண்ணைப் பிரிச்சிட்டாங்க. இப்ப ரெண்டு. வேலையிலதான் கீறாரு. கேப்டனுக்கும் இப்பிடித்தான்."

அண்ணன் குனிந்து அந்தக் கருப்பு இடத்தை விரலால் தடவினான். "ஆமாடா" என்றான். நான் ஜெயித்துவிட்டேன். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அவன் விடவில்லை.

"சரி, கேப்டன் இன்னா தப்பு பண்ணான்னு எறக்கினாங்க?"

அதைத் தொடரில் சொல்லவே இல்லை. நானாக ஒரு கதை கட்டி வைத்திருந்தேன். "கைதிங்களைப் பாவம்னு தொறந்து வுட்டுட்டான். மேல இருக்கறவங்க சொன்னதைக் கேக்கல."

"உங்கப்பா?"

பஸ்ஸில் தூங்கிவிட்டார் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கேப்டனுக்குப் பக்கத்தில் அப்பாவை நிறுத்திவிட்டு, குறட்டை விட்டார் என்றா சொல்வது?

"எங்கப்பாவும் வேணும்னேதான் வுட்டாரு" என்றேன்.

வீட்டுக்காரர் பேப்பரை மடித்தார். "இன்னாடா சொன்ன? வேணும்னேவா?"

"ஆமா மாமா. கைதியை வேணும்னேதான் வுட்டாரு."

மல்லாட்டை (வேர்க்கடலை) உரித்துக்கொண்டிருந்த வீட்டுக்கார அம்மா முறத்தைக் கீழே வைத்தார். சட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எடுத்துக்கினு போடா தம்பி, உங்கம்மா தேடப்போறாங்க" என்று மட்டும் சொன்னார்.

நான் மாடி ஏறி, சட்டையை இருந்த மாதிரியே கயிற்றில் போட்டேன். அத்தையிடம், கேப்டன் விஷயத்தில் நம் கட்சி ஜெயித்துவிட்டது என்றேன். எப்படி என்று சொல்லவில்லை. அத்தைக்கு ரொம்ப சந்தோஷம்.

புதன்கிழமை வீட்டுக்கார அம்மா மாடிக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"பூ வைக்கறது இப்ப வேணாங்க. தம்பி வேற எடம் பாக்கறேன்னுட்டான்."

அம்மா காரணம் கேட்டார்.

"பட்டை ஒண்ணு கொறைஞ்சா இன்னாங்க, அது போவட்டும். காசு வாங்கிக்கினு கைதியை வுட்டவரு வூட்டுல எப்பிடிங்க பொண்ணு எடுக்கறது? நாளைக்கு எந்தம்பி ஊருல கடை நடத்தவேணாமா?"

"ஐயோ, தூங்கிட்டாருங்க! சத்தியமா தூங்கிட்டாருங்க!" என்று அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கிட்ட சொல்லி இன்னாங்க ஆவுது? உங்க புள்ளையே சொல்லுது, வேணும்னே வுட்டாருன்னு. அறியாத புள்ள வாயில பொய் வருமா?"

அவர் இறங்கிப்போன பிறகு அம்மா சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். அத்தை சமையலறையில்தான் இருந்தார், எல்லாம் கேட்டிருக்கும். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று தலை வாரிவிட்டார். சீப்பை எப்போதையும்விடக் கொஞ்சம் அழுத்தினார், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அத்தைக்கு ஒரு வரனும் கூடவில்லை. விழுப்புரத்தில் தனியாக இருக்கிறாரே, பொங்கலுக்குப் போனால் உங்களுக்கு மட்டும் தனியாக முறுக்கு எடுத்து வைத்திருப்பாரே, அவர்தான். இதையெல்லாம் அவரிடம் போய்க் கேட்டுவிடாதீர்கள்.

அன்று சாயங்காலம் அப்பா டூட்டி முடிந்து வந்தார். தெருமுனையில் யாரோ, "இன்னா ஏட்டையா, கைதிங்கள்லாம் சௌக்கியமா?" என்று கேட்டிருக்கிறார்கள். சைக்கிளை நிறுத்திவிட்டு மேலே வந்தவர், கலர் சட்டையைக்கூடக் கழற்றாமல் என்னை எதிரில் உட்காரவைத்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. ஸ்டேஷனில் விசாரிக்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டார். யார் முதலில் கேட்டது, நீ என்ன சொன்னாய், அதே வார்த்தையா, அப்போது யார் யார் இருந்தார்கள். நான் ஒன்றும் விடாமல் சொன்னேன். கேப்டனின் தழும்பைப் பற்றியும் சொன்னேன்.

அப்பா எழுந்து கலர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அப்பாவைக் கேப்டன் மாதிரியே காட்டியும் யாரும் ஒன்றும் சொல்லவில்லையே என்று எனக்கு வருத்தமாக இருந்தது. கடைசியில் நானே சொன்னேன்.

"நீ தூங்கினதை மட்டும் நான் யாருகிட்டயும் சொல்லலப்பா."

அப்பாவை நேர்மையானவர் என்று காட்ட இந்த உலகத்தில் இருந்ததே அந்தத் தூக்கம் ஒன்றுதான். அது எனக்கு அன்றைக்குத் தெரியாது.

அப்பா என்னைப் பார்த்தார். "சரிடா" என்றார். என்னைப் பாராட்டிவிட்டார் என்று நினைத்துக்கொண்டு நான் விளையாடப் போனேன்.